வேலிக்குக் காட்டுமல்லிகை, விற்பனைக்கு முல்லை

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். வீட்டுக்குப் பின்னால் கிணற்றோடு அரை ஏக்கர் இடம் சும்மா கிடக்கிறது. ஊர்க்கோடியில் ஐயனார் கோயில்காட்டில், காரைப் புதர்மேல் படர்ந்து வெள்ளை வெளேரென்று பூக்கும் காட்டுமல்லிகையைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறேன். யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிறது. இதையே தோட்டமாகப் போட்டுப் பூ விற்கலாமே என்று ஆசை. சித்திரையில் தோட்டக்காரர் ஒரு செடியை வேரோடு தோண்டி வந்து நட்டார். பத்தே நாளில் காய்ந்துவிட்டது. எங்கள் கிளுவை வேலியிலிருந்து எடுத்த இன்னொரு சிறு செடி வளவு முற்றத்தில் புதுச் சிமெண்ட் தொட்டியில் இருக்கிறது. யூரியாவும் போடுகிறோம். கொடி ஓடுகிறதே தவிரப் பூப்பதில்லை, இலையும் வெளுக்கிறது. ஒருமுறை வைத்த நாலைந்து மொட்டும் சிவந்திருந்ததால் பூச்சி என்று மருந்து அடித்தோம், உதிர்ந்துவிட்டன. இது ஆலிவ் குடும்பத்துச் செடி, இதில் ஆலிவை ஒட்டுக்கட்டலாம் என்கிறான் பேரன். கொடி வளர்த்தால் பாம்பு வரும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். நான் என்னதான் செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். காட்டுமல்லிகையைத் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் அரை ஏக்கரில் அதை நட்டுப் பூ விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். விற்பதற்கு அதன் பங்காளியான முல்லை இருக்கிறது. காட்டுமல்லிகைக்கு உரிய இடம் உங்கள் வேலி.

அதற்கு முன், நீங்கள் பார்த்தது காட்டுமல்லிகைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நம் பக்கத்துப் புதர்க்காடுகளில் வெள்ளையாக, மணமாகப் பூப்பது அது ஒன்று மட்டுமல்ல. சிறுகிளாவும் கிட்டத்தட்ட அப்படியே பூக்கும். அதன் மொட்டிலும் சிவப்புச் சாயல் உண்டு. கிளாவைக் காட்டுமல்லிகை என்று சொல்லிக் கொண்டுவருபவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். ஓர் இலையைக் காம்போடு கிள்ளிப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது மல்லிகை இனமே அல்ல. கிளாவில் பால் வரும், முள் இருக்கும், இதழ் ஐந்துதான் இருக்கும். காட்டுமல்லிகையில் பாலும் இல்லை, முள்ளும் இல்லை. இதழ்கள் ஒடுங்கி, நுனி கூராக, பெரும்பாலும் ஏழிலிருந்து ஒன்பது வரை இருக்கும். இலைகள் எதிரெதிராக, ஒரு காம்புக்கு ஓர் இலையாக, வழவழவென்று கரும்பச்சையில் மினுங்கும். கனி பழுத்தால் கறுப்பு. தாவரவியலில் இதன் பெயர் ஜாஸ்மினம் ஆங்குஸ்டிஃபோலியம். தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையிலும் இயல்பாக வளர்வது.

இன்னொரு குழப்பமும் உண்டு. தோட்டத்தில் வைக்கிறோமே முல்லை, அதுவும் நம் காடுகளில் தானாக முளைத்துப் படர்வதுதான். அதைப் பிரித்தறிய இலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முல்லையில் பெரிய இலைக்குச் சற்றுக் கீழே, காம்பின் இரு பக்கத்திலும் காதுமடல்போல இரண்டு பொடி இலைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லா இலையிலும் இருக்காது என்பதால் ஒரே கொடியில் பத்து இலையாவது பாருங்கள். இலையை விரலால் தடவினால் மெல்லிய ரோமம் தட்டுப்படும். காட்டுமல்லிகை இலை அப்படி இருக்காது, வழுக்கும்.

சித்திரையில் தோண்டிவந்த செடி காய்ந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உங்கள் ஊர் மண், மேலே ஒரு சாண் செம்மண், கீழே சரளை, அதற்கும் கீழே செம்புராங்கல். அந்தக் கல்லிடுக்கில் வேரை இறக்கித்தான் இந்தச் செடி கோடையைத் தாண்டுகிறது. கடப்பாரை போட்டு நெம்பினால் கையில் வருவது மேல்கட்டையும் இரண்டு தடித்த வேரும்தான். தண்ணீரை உறிஞ்சும் பொடிவேர் முழுவதும் காட்டிலேயே நின்றுவிடும். மிச்சமிருக்கும் கட்டைக்குச் சித்திரை வெயிலில் குடம் குடமாக ஊற்றினாலும் பயன் இல்லை.

தோட்டக்காரரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கோயில்காட்டுச் செடியில் இனிக் கை வைக்கவேண்டாம். நம் ஊர்களில் ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சியதால்தான், சுற்றிலும் சீமைக்கருவேலும் தைலமரமும் நிறைந்த பிறகும் இந்தச் செடிகள் அங்கே பிழைத்திருக்கின்றன. அரசின் காப்புக்காடாக இருந்தால் சட்டப்படியும் குற்றம். படர்தாமரைக்கு இதன் வேரை வசம்போடு எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதற்காகவும் சிலர் தோண்டுகிறார்கள். படர்தாமரைக்கு இப்போது தோல் மருத்துவர் இருக்கிறார், செடியை விட்டுவிடலாம்.

நல்லவேளையாக உங்கள் கிளுவை வேலியிலேயே காட்டுமல்லிகை இருக்கிறது. அதுதான் உங்களுக்குத் தாய்ச்செடி. அதிலிருந்து கன்று எடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

எளிய வழி மண்பதியம். வேலியிலிருந்து தரையைத் தொடுமளவுக்குத் தொங்கும், நன்றாக விளைந்த ஒரு கொடியைத் தேர்ந்தெடுங்கள். ஆடிக் கடைசி இதற்குச் சரியான காலம். தரையில் அரை அடி ஆழத்துக்குச் சிறு பள்ளம் எடுத்து, தோண்டிய மண்ணோடு மக்கிய சாணத்தைக் கலந்துகொள்ளுங்கள். பள்ளத்துக்குள் போகும் இடத்தில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, அடிப்பக்கத்துப் பட்டையை மட்டும் கத்தியால் ஓர் அங்குல நீளத்துக்குச் சீவுங்கள். கட்டை வெட்டுப்படக் கூடாது. சீவிய இடம் கீழே இருக்குமாறு வளைத்துப் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். செங்கல் கொடியை எழும்பவிடாது, அடியில் ஈரத்தையும் காக்கும். நுனி ஒரு முழம் வெளியே நிற்கட்டும். மண் காயாமல் பார்த்துக்கொண்டால் 90 முதல் 120 நாளில் வேர் நன்றாகப் பிடித்துவிடும். தாய்க்கொடி பக்கம் ஒரே நாளில் வெட்டிவிடாமல், முதலில் பாதி அளவு வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டிப் பிரியுங்கள். அப்போது கார்த்திகை மழை இருக்கும். நட்ட கன்றுக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை மிச்சம்.

நிறையக் கன்று வேண்டுமென்றால் தண்டுக்குச்சி. பென்சில் பருமனில், தளிரும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் நடுத்தரமாக விளைந்த தண்டை ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று கணு இருக்குமாறு நறுக்குங்கள். கீழ்வெட்டு கணுவுக்கு ஒட்டிக் கீழே சாய்வாக இருக்கவேண்டும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். உரக்கடையில் கிடைக்கும் வேரூக்கித் தூளில் அடிப்பகுதியைத் தொட்டெடுத்து, மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் சம அளவில் கலந்த பையில் இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு ஊன்றி, நிழலில் வையுங்கள். காட்டுச் செடியின் குச்சி, தோட்டத்து மல்லிகைக் குச்சி அளவுக்குச் சுலபமாக வேர்விடாது. இருபது கன்று வேண்டுமென்றால் நாற்பது குச்சி ஊன்றுங்கள். குச்சியில் இருக்கும் சேமிப்பைக் கொண்டே தளிர் முதலில் வந்துவிடும், வேர் பிறகுதான் வரும். தளிரைப் பார்த்த சந்தோஷத்தில் இழுத்துப் பார்த்துவிடாதீர்கள்.

வளவுத் தொட்டிச் செடிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் பதில் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. முற்றம், யூரியா, புதுச் சிமெண்ட் என மூன்று காரணத்தையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். செட்டிநாட்டு வீட்டு வளவு மனிதர்கள் குளிர்ச்சியாக இருக்கக் கட்டியது. நாலு பக்கமும் உயர்ந்த கூரை. நடு முற்றத்தில் உச்சிவேளையை ஒட்டிக் கொஞ்ச நேரம் வெயில் இறங்கும், அவ்வளவுதான். மல்லிகை இனம் எதுவானாலும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் கேட்கும். வெயில் குறைந்தால் வெளிச்சத்தைத் தேடிக் கொடி நீளும், பூக்காது. அதற்குமேல் யூரியா போட்டால் இலையும் கொடியும்தான் பெருகும்.

இலை வெளுப்பதை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நுனியில் இருக்கும் இளம் இலைகளில், நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. புதுச் சிமெண்ட் தொட்டியிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அன்னபேதி உப்பை, அதாவது இரும்பு சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, மாலை வேளையில் இலை நனையத் தெளியுங்கள். பச்சை திரும்பும் வரை மாதம் ஒருமுறை போதும். தரையில் சிந்தவிடாதீர்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தளமாக இருந்தால் துருக்கறை எளிதில் போகாது. இது தற்காலிக வைத்தியம்தான். ஐப்பசி பிறந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து வேலியோரம் நட்டுவிடுங்கள்.

நடும் இடத்திலும் ஒரு எச்சரிக்கை தேவை. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் பின்கட்டில், எப்போதோ சுவரைப் பழுதுபார்த்தபோது கொட்டிய சுண்ணாம்புக் காரை மண்ணுக்குள் கிடக்கும். குழி எடுக்கும்போது வெள்ளைக் கட்டிகள் வந்தால் அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளிப் போங்கள். இல்லாவிட்டால் தொட்டியில் பட்ட பாட்டையே தரையிலும் படவேண்டும்.

சிவந்த மொட்டுக்கு மருந்து அடித்தது தேவையே இல்லாத வேலை. காட்டுமல்லிகை மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பாக இருப்பது அதன் இயல்பு, விரிந்தால் உள்ளே வெள்ளைதான். மொட்டுப்புழு என்றால் அடையாளமே வேறு. மொட்டில் துளை இருக்கும், இரண்டு மூன்று மொட்டுகளை நூல் கொண்டு பின்னியிருக்கும், பிரித்தால் உள்ளே புழுவோ எச்சமோ இருக்கும். அது எதுவும் இல்லாத சிவப்பைக் கண்டு பம்பைத் தூக்க வேண்டாம்.

பேரன் சொன்னதில் பாதி உண்மை. மல்லிகை, முல்லை, பிச்சி, காட்டுமல்லிகை எல்லாம் ஆலிவ் மரத்தின் குடும்பமான ஓலியேசியைச் சேர்ந்தவைதான். பவளமல்லியையும் இப்போது அந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் ஒரே குடும்பம் என்பதால் ஒட்டு சேர்ந்துவிடாது. மல்லிகையும் ஆலிவும் வேறு வேறு பேரினங்கள். மெல்லிய படர்கொடிமேல் ஒரு மரத்தை ஒட்டவைப்பது நடக்காத காரியம். தனியாக ஆலிவ் கன்று வாங்கி நட்டாலும் செட்டிநாட்டில் காய்க்காது. பூ அரும்ப ஆலிவுக்குக் குளிர்காலக் குளிர் வேண்டும். ராஜஸ்தானில் இஸ்ரேல் நாட்டுத் தொழில்நுட்பத்தோடு ஆலிவ் பயிரிட்டார்கள் என்றால், அங்கே மார்கழி, தை மாத இரவுகள் உண்மையிலேயே நடுங்கவைப்பவை. நம் மார்கழிக்கு ஒரு சால்வை போதும். காட்டுமல்லிகைப் பழத்தில் எண்ணெய் ஆட்டவும் ஒன்றும் இல்லை. பேரனின் ஆர்வத்தைக் கெடுக்க வேண்டாம், பதியம் போடும் வேலையை அவனிடம் கொடுங்கள்.

இனி விற்பனை. காட்டுமல்லிகை ஏன் கட்டுப்படியாகாது? பூ வியாபாரி எடை போட்டு வாங்குவது மொட்டைத்தான். அது மாலைவரை விரியாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். காட்டுமல்லிகை இதழ் மெலிது, விரிந்தால் சீக்கிரம் உதிரும். மழை பெய்து புதுத் தளிர் விட்டு, அந்தத் தளிர் நுனியில் பூக்கும் செடி இது. ஒரு வாரம் பூத்துக் குலுங்கும், பிறகு அடுத்த தளிர் வரும்வரை வெறும் பச்சை. சந்தைக்குத் தினமும் பூ வேண்டும். ‘தண்ணீரே இல்லாமல் பூக்கிறதே’ என்றீர்கள். உண்மைதான், தனக்குத் தேவையான அளவு மட்டும் பூக்கிறது. அதையே தினமும் கிலோக்கணக்கில் கொடு என்று கேட்டால் தண்ணீரும் உரமும் இதுவும் கேட்கும். அந்தச் செலவை முல்லைக்குச் செய்தால் காசாவது வரும்.

முல்லையில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட பாரிமுல்லை, கோ 1, கோ 2 என்ற ரகங்கள் இருக்கின்றன. நல்ல பராமரிப்பில் பாரிமுல்லை ஹெக்டேருக்குச் சுமார் 8 டன், கோ 2 சுமார் 11 டன் பூ கொடுக்கும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் சரளை மண்ணில் அதில் பாதியை வைத்து வரவு செலவு போடுங்கள், ஏமாற்றம் இருக்காது. உங்களுக்கு நான் பாரிமுல்லையைத்தான் சொல்வேன். முல்லையை வாட்டும் கொப்புளச் சிலந்தி என்ற நுண்பூச்சியை அந்த ரகம் தாங்கும். இலையிலும் தண்டிலும் வெள்ளை ரோமமாய்ப் படர்ந்து கொடியையே முடக்கும் தொல்லை அது; ஒருமுறை வந்தால் மருந்துச் செலவிலேயே லாபம் போய்விடும். மல்லிகைப் பதியனுக்குத் தங்கச்சிமடம் பேர்போனது, ஆனால் அது மல்லிகைக்கு. முல்லைக் கன்றுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்; அங்கே இல்லாவிட்டாலும் எங்கே வாங்கலாம் என்று சொல்வார்கள். போகும்போது கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டிலும், மண் ஒரு கிலோவும் எடுத்துக்கொண்டு போய், பரிசோதனைக்கும் வழி கேளுங்கள். உப்புத் தண்ணீர் என்றால் முல்லையும் வேண்டாம், கதை அங்கேயே முடிந்தது.

தண்ணீர் நன்றாக இருந்தால், எடுத்த எடுப்பில் அரை ஏக்கரில் நடாதீர்கள். செடிக்குச் செடி, வரிசைக்கு வரிசை 1.5 மீட்டர் இடைவெளி விட்டால் அரை ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 900 செடி வரும். முல்லை மொட்டு சிறியது. விடிவதற்குள் பறித்து அனுப்ப ஆள் வேண்டும். செட்டிநாட்டில் பூ பறிக்க ஆள் கிடைப்பது தண்ணீர் கிடைப்பதைவிடக் கடினம். முதலில் ஐந்து சென்டில் 90 செடி போதும். அந்தப் பூவைக் காரைக்குடி, தேவகோட்டைக் கடைகளே எடுத்துக்கொள்ளும், மதுரை மாட்டுத்தாவணி வரை பஸ் ஏற்ற வேண்டியதில்லை. முகூர்த்த நாள் விலையைக் கேட்டு மயங்காதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் அதே கடைக்காரர் என்ன விலைக்கு எடுத்தார் என்று கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, பிறகு இறங்குங்கள்.

குழி ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் எடுத்து, 10 கிலோ மக்கிய தொழு உரம் போட்டு, ஆடிக்கும் கார்த்திகைக்கும் இடையில் நடலாம். இரண்டாம் ஆண்டிலிருந்து தை மாதத்தில், அதாவது ஜனவரி கடைசி வாரத்தில், தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில் கவாத்து செய்ய வேண்டும். மனம் கேட்காமல் நுனியை மட்டும் நறுக்குவார்கள் பலர். புதுக்கிளையில்தான் பூ என்பதை மறந்துவிடுகிறார்கள். கவாத்து முடிந்ததும் ஒரு முறை, ஆனி, ஆடியில் ஒரு முறை உரம். இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு ஒரு செடிக்கு யூரியா 130 கிராம், சூப்பர் பாஸ்பேட் 750 கிராம், பொட்டாஷ் 200 கிராம் என்ற கணக்கு வரும். முற்றத்துச் செடிக்குப் போட்டதுபோல் யூரியாவை மட்டும் அள்ளிப் போடக் கூடாது.

வேலிக் காட்டுமல்லிகைக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். கிளுவை வேலியை ஒட்டி எட்டடிக்கு ஒன்றாக நடுங்கள். முதல் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர், ஆண்டுக்கு ஒரு கூடை எரு, தையில் லேசாக ஒரு கத்தரிப்பு. வேறு ஒன்றும் தேவையில்லை. கிளுவையை முழுவதும் மூடி அமுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேலி அதுதான். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்புமலை என்று சொல்லும் பிரான்மலை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. உங்கள் கொடி தேர் எல்லாம் கேட்கவில்லை, நாலு கிளுவைப் போத்தே தாராளம். வேலியில் பூப்பதைச் சாமிக்கும் தலைக்கும் பறித்துக்கொள்ளுங்கள். மீதியைப் பறிக்காமல் விட்டால் கறுப்புப் பழத்துக்குக் குருவிகள் வரும்.

கடைசியாகப் பாம்பு. மல்லிகை வாசத்துக்குப் பாம்பு வராது. அடர்ந்த கொடியின் அடியில் எலியும் தவளையும் தங்கும், அவற்றைத் தேடித்தான் பாம்பு வரும். அதனால் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குக் கொடியை ஒதுக்கி, சருகைக் கூட்டி, அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியுமாறு வைத்திருங்கள். பின்வாசல் படிக்கும் கிணற்றடிக்கும் பக்கத்தில் படர விடவேண்டாம். விடியற்காலையில் முல்லை பறிக்க வருபவர்களிடம் டார்ச் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.